அமர்வதற்கா, பார்ப்பதற்கா? கொள்ளுப்பிட்டியில் ஒரு செரமிக் தளபாடக் காட்சியறை

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய வீட்டின் முன்மண்டபத்தைக் காட்சியறையாக்கி, கையால் செய்த செரமிக் தளபாடங்களை மட்டும் விற்கிறார்கள். ஸ்டூல்கள், பக்க மேசைகள், ஒரு நீண்ட வாங்கு, ஆளுயர விளக்குத் தண்டுகள் என அங்குள்ள அனைத்தின் விலைச் சீட்டிலும் 'சிற்பம்' என்றே எழுதியிருக்கிறது. அந்தப் பெயருக்கு முழு உரிமையுள்ளவை சில அங்கே உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவையும் உண்டு.

முதல் வகையில் ஸ்டூல்களைச் சேர்ப்பேன். உதவியாளரின் அனுமதியுடன் ஒன்றைச் சாய்த்து அடிப்பக்கமாக உள்ளே பார்த்தபோது, கயிறாக உருட்டிய களிமண்ணை வளையம் வளையமாக ஏற்றி இணைத்த விரல்தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. சுவரின் தடிப்பு அடியிலிருந்து மேல்வரை ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் மண் ஒரே சீராகக் காயாது, காய்ந்தாலும் சூளையில் வெடிக்கும். ஸ்டோன்வெயார் எனப்படும் இவ்வகை மண் 1200 பாகை செல்சியஸுக்கு மேல் சுடப்படுகிறது. காய்வதிலும் சுடுவதிலுமாக நீள அகலங்களில் 12 சதவீதம் வரை சுருங்கக்கூடும் என்பதால், 45 சென்ரிமீற்றர் உயரத்தில் ஓர் இருக்கை வேண்டுமென்றால் 51 சென்ரிமீற்றருக்கு எழுப்பவேண்டியிருக்கும். சூளை ஆறும்போதும் ஆபத்து தீர்வதில்லை: மண்ணிலுள்ள படிகக்கல் 573 பாகையைக் கடக்கையில் திடீரெனச் சுருங்கும், அவசரப்பட்டால் பெரிய உருப்படிகள் அங்கேயே கீறல் விடும். கொழும்பின் ஈரக்காற்றில் இந்த அளவு மண்ணைப் பொறுமையாகக் காயவைத்து எடுத்திருப்பதே பாராட்டுக்குரியது.

அவற்றுள் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, இடுப்பில் ஒடுங்கி மேலே ஒரு பக்கம் இலேசாகச் சரிந்திருந்த சாம்பல்பச்சை ஸ்டூல். சூளையில் உருகிக் கண்ணாடிபோலாகும் கிளேஸ் பூச்சு மேலிருந்து வழிந்து, அடியை எட்டுவதற்கு விரலளவு முன்னதாகத் தடித்த துளியாக உறைந்து நின்றது. துளி இன்னும் சற்று ஓடியிருந்தால் உருப்படி சூளைத்தட்டோடு ஒட்டிப் பாழாகியிருக்கும்; செய்தவர் அந்த விளிம்புவரை போய் நிறுத்தியிருக்கிறார். சரிவும் வெறும் அழகுக்கானதல்ல, அமர்ந்தால் தொடைக்கு இதமாக இருக்கிறது. சீனத் தோட்டங்களில் மிங் காலத்திலிருந்தே மேள வடிவப் பீங்கான் இருக்கைகள் இருந்து வருகின்றன. அவற்றின் பக்கத் துளைகளைப்போலவே இதிலும் இரண்டு துளைகள் உண்டு, தூக்குவதற்கும் அவையே கைப்பிடி.

மேசைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அகன்ற தட்டையான களிமண் பலகை காய்கையில் ஓரம் மேலெழுந்து வளைவது இயல்பு. அந்த வளைவை வடிவமாகவே எடுத்துக்கொண்டிருந்தால் நான் மறுத்திருக்கமாட்டேன். இங்கோ தட்டையாக வரவேண்டியது தட்டையாக வரவில்லை, கால்களுக்கடியில் ரப்பர் துண்டு செருகியும் மேசை ஆடுகிறது. தேநீர்க் கோப்பையை வைத்தால் உள்ளே தேநீர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கேட்டபோது 'சிற்பம்தானே' என்று பதில் வந்தது.

நீண்ட வாங்கு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. அவ்வளவு நீளத்தை ஒரே துண்டாகச் சுட மிகப் பெரிய சூளை வேண்டும். உற்றுப் பார்த்தால் அது சீமெந்து உடலின்மேல் செரமிக் துண்டுகள் பதித்த வேலை. அதில் குறையேதும் இல்லை. பார்சலோனாவின் குயெல் பூங்காவில் வளைந்தோடும் புகழ்பெற்ற இருக்கையின் மேற்பரப்பும் உடைந்த ஓட்டுத் துண்டுகளால் ஆனதே. ஆனால் விலைச் சீட்டில் 'முழுவதும் செரமிக்' என்று போட்டிருப்பதைத் திருத்தவேண்டும்.

விலை கடுமையானது. ஒரு ஸ்டூலின் பணத்துக்கு மொரட்டுவையில் தேக்குக் கதிரைகள் சிலவற்றை வாங்கிவிடலாம். இருந்தாலும் கடலோரத் தொடர்மாடிகளில் இரும்பு துருப்பிடிப்பதையும், மரத்தைக் கறையான் தின்பதையும் பார்த்தவர்களுக்கு, இரண்டுக்கும் அசையாத ஒரு பொருளின் அருமை புரியும். மழையில் நனைந்த பல்கனியில் விட்டாலும் துடைத்துவிட்டு அமரலாம், பகல் வெயில் நேரடியாகப் படாத இடத்தில் தொட்டால் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஒரு ஸ்டூல் இருபது கிலோவரை பாரமிருக்கும், ஓடு பதித்த தரையில் இழுத்தால் கீறும், ஆகவே அடியில் கம்பளித்துணி ஒட்டித் தரச்சொல்லுங்கள். கொண்டுவந்து தருகையில் உடைந்தால் பொறுப்பு யாருடையது என்பதற்கு வாய்மொழியாக மட்டுமே உறுதி தருகிறார்கள். முற்பணம் கொடுக்குமுன் அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.