முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு மெடிகேர் தரும் நட்சத்திரங்கள்
அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் 2008 முதல் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் அளித்து, அவற்றைத் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. நேரடி ஆய்வு, பணியாளர் அளவு, பராமரிப்பின் விளைவுகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே மொத்த மதிப்பீடு அமைகிறது. இவற்றில் நான் பெரிதும் நம்புவது ஆய்வைத்தான். ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வருகிறார்கள், அவர்களது அறிக்கையையும் நாமே படிக்கலாம். பணியாளர் கணக்கு சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுவதால் அதையும் ஏற்கலாம். ஆனால் படுக்கைப்புண், கீழே விழுதல் போன்ற விளைவுகளை இல்லமே தெரிவிப்பதால் (தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போலத்தான்) அந்த நட்சத்திரத்தைச் சற்றுத் தள்ளியே வைக்கிறேன். ஆய்வு நட்சத்திரம் அந்தந்த மாநிலத்துக்குள் ஒப்பிட்டே தரப்படுவதால், வேற்று மாநில இல்லத்தோடு ஒப்பிட அது உதவாது. வார இறுதிப் பணியாளர் நேரத்தைத் தனியே காட்டுவது மிகவும் பயனுள்ளது. ஞாயிறு மாலை அழைப்பு மணி அடித்தால் ஆள் வருவாரா என்பதை அந்த ஒரு வரியிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.