லோமக்ஸ் ஆவணகம்: பாடியவரின் பெயரோடு வரும் புளூஸ்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த புளூஸ் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் மலையக நண்பர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருக்கும் பாட்டுச் செயலிகளை நான் சொல்வதில்லை. லோமக்ஸ் டிஜிட்டல் ஆர்க்கைவ் என்ற இணையத்தளத்தையே சொல்கிறேன். அமெரிக்க நாட்டாரிசைச் சேகரிப்பாளர் அலன் லோமக்ஸ் (1915–2002) ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்த பாடல்களையும் நேர்காணல்களையும் ஒளிப்படங்களையும், அவர் 1983இல் நிறுவிய அசோசியேஷன் ஃபோர் கல்ச்சரல் எக்குவிட்டி என்ற அமைப்பு இதில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது. பாடல்கள் 'சிறந்தவை' என்று பொறுக்கி அடுக்கப்படாமல், எந்த ஊரில், எந்த நாளில், யார் பாட, யார் வாசிக்கப் பதிவானவையோ அந்த வரிசையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. பாதியில் நின்ற பாட்டும், பாட்டுக்கு முன்னும் பின்னும் நடந்த பேச்சும்கூட அங்கங்கே அப்படியே இருக்கின்றன. முதலில் இது அலுப்பூட்டலாம். பொறுமையாகக் கேட்பவருக்கோ ஓர் ஊரின் ஒரு மாலைப் பொழுது முழுவதுமே கேட்கக் கிடைக்கிறது.

1959 செப்டெம்பரில் மிசிசிப்பி மாநிலத்தின் கோமோ என்ற ஊரில் நடந்த பதிவுகளிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அந்தப் பயணத்தில் இங்கிலாந்துப் பாடகி ஷேர்லி கொலின்ஸும் லோமக்ஸோடு சென்றிருந்தார். பகலெல்லாம் பருத்தி எடுத்துவிட்டு மாலையில் கிட்டாரோடு வந்த விவசாயி ஃபிரெட் மெக்டொவெலின் இசை முதன்முதலில் ஒலிநாடாவில் ஏறியது அப்போதுதான். ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதன் மேல் கிட்டார்க் கம்பியை வழுக்கிப் பாடும் குரலுக்குப் பதில் சொல்ல வைப்பது அவருடைய முறை; சில இடங்களில் வரியின் கடைசிச் சொல்லை அவர் பாடாமல் விட்டுவிட, கிட்டாரே அதை முடித்து வைக்கிறது. அதே பயணத்தில் எட் யங், லொனி யங் சகோதரர்கள் மூங்கில் போன்ற நாணலில் செய்த குழலையும் பறைகளையும் கொண்டு இசைத்தவற்றையும் தவறவிடக் கூடாது. தோட்டத்தில் வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பையும் காமன் கூத்துத் தப்பையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அடி அந்நியமாகப் படாது.

அதே மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப்பண்ணையில் கைதிகள் பாடிய பதிவுகளை வேறு மனநிலையோடு கேட்க வேண்டும். 1947, 1948, 1959ஆம் ஆண்டுகளில் பதிவான இவற்றில், கோடாரியின் வெட்டும் மண்வெட்டியின் கொத்துமே தாளமாக ஒலிக்கின்றன. காவலின் கீழ்க் கட்டாய வேலை செய்தவர்களின் பாடல்கள் இவை என்பதை மறந்து வெறும் இசையாக மட்டும் கேட்பது சரியன்று. இவர்களில் ஜேம்ஸ் கார்ட்டர் என்பவர் 1959இல் விறகு வெட்டியபடி பாட்டொன்றை முன்னின்று பாடினார். அந்தப் பதிவு 2000ஆம் ஆண்டு ஹாலிவுட் படமொன்றில் சேர்ந்து, இசைத்தட்டும் இலட்சக்கணக்கில் விற்றபோது, சிக்காகோவில் வாழ்ந்த முதியவர் கார்ட்டரைத் தேடிக் கண்டுபிடித்து 20,000 டொலர் காசோலையை அவர் கையிலேயே கொடுத்தார்கள். நாடாவோடு பாடியவர் பெயரும் எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான் அது நடந்தது.

இந்த இடத்தில் நம் பாடல்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்துத் தந்த தோட்டத்துப் பாடல்களில் சொற்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் கொழுந்தெடுத்தபடி அவற்றைப் பாடிய பெண்களின் குரலையும், எந்த வரியில் இழுத்தார்கள், எந்த வரியில் மூச்சு வாங்கினார்கள் என்பதையும் அச்சில் தேட முடியாது. இந்த ஆவணகத்தை மலையகப் பாடசாலைகளின் தமிழ், சங்கீத ஆசிரியர்கள் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். இன்னும் பாடத் தெரிந்த பாட்டிமார் தோட்டத்து லயன் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். பதிவுசெய்ய நல்ல கைத்தொலைபேசி ஒன்றே போதும். கூடவே என்னென்ன விவரங்களைக் குறித்து வைக்க வேண்டும் என்பதை இந்தத் தளம் காட்டிக் கொடுக்கிறது.

தேவாலயப் பாட்டிலிருந்தும் புளூஸிலிருந்தும் வளர்ந்த சோல் இசையைத் தேடி வருபவர்களுக்கு இது போதாது. ஸ்டாக்ஸ், மோட்டவுன் போன்ற நிறுவனங்களின் இசைத்தட்டுகள் இதில் இருக்க வழியில்லை. ஆனாலும் 1959இல் மெம்ஃபிஸ் நகரத் தேவாலயம் ஒன்றில் பதிவான வழிபாட்டைக் கேட்டுப் பாருங்கள்: போதகரின் பேச்சு மெல்ல மெல்லப் பாட்டாக மாற, சபையார் ஒவ்வொரு வரிக்கும் குரல் கொடுக்கிறார்கள். சில ஆண்டுகளுக்குள் அதே மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் பாடகர்கள் ஒலிவாங்கியின் முன் நின்று பாடியபோது, இந்த அழைப்பையும் பதிலையும்தான் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் முதலில் இதையும் அடுத்து ஸ்டாக்ஸ் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கையும் கேட்கும்படி நண்பர்களுக்குச் சொல்வது வழக்கம்.

குறைகளும் உண்டு. தளம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பாடல் வரிகள் பெரும்பாலும் எழுதித் தரப்படவில்லை. தெற்கத்திய உச்சரிப்போ ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களையும் திணற வைக்கும். இணைப்பில் இருந்தபடியே கேட்க வேண்டியிருப்பதால், மழை நாட்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும் நம் மலைப்பக்கத்தில் பாட்டு நடுவில் நின்றுபோகும். தேடுபெட்டியில் 'புளூஸ்' என்று மட்டும் இட்டால் வந்து குவிவது மலைக்க வைக்கும். ஊரையும் ஆண்டையும் கொண்டு தேடுவதே பயன் தரும்.

பிடித்த பாட்டை வட்ஸ்அப் குழுவில் பகிரும்போது, யாரோ வெட்டி யூடியூப்பில் ஏற்றிய துண்டை அனுப்பாமல், இத்தளத்தில் அந்தப் பதிவுக்குரிய பக்கத்தின் இணைப்பையே அனுப்புங்கள். பாடியவரின் பெயரும் ஊரும் திகதியும் அதில் இருக்கின்றன.