தகரமா, ஓடா, சீட்டா? மலையகக் கூரைகளும் கல்நார்த் தூசும்

இலங்கையின் மலையகத்தில் வீடு கட்டுகிறவர்கள் கூரை என்று வந்ததும் முதலில் பார்ப்பது விலை. அப்புறம் காற்றுக்குத் தாங்குமா, குளிரடிக்குமா என்று கேட்பார்கள். இந்த மூன்றிலும் அஸ்பெஸ்டஸ் சீட் தேறிவிடும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் சாம்பல் நிறக் கூரைகள் கண்ணில் படுவது அதனால்தான். ஆனால் அந்தச் சீட்டை அறுக்கும்போது பறக்கிற தூசு யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

அஸ்பெஸ்டஸ் என்பது கல்நார், நார் நாராகப் பிரியும் ஒரு கனிமம். கூரைச் சீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இதுதான். மீதி பெரும்பாலும் சீமெந்து. சீட் முழுசாக இருக்கும்வரை நார் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும். அறுத்தாலோ, துளையிட்டாலோ, உடைத்தாலோ, சுரண்டினாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகளாகக் காற்றில் கலந்துவிடும். மூச்சோடு உள்ளே போனவற்றில் ஒரு பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடும்.

அதனால் வரும் நோய்களில் ஒன்று அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது. நுரையீரல் புற்றுநோயும் வரலாம். இன்னொன்று மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையிலும், சிலருக்கு வயிற்றின் உள்ளுறையிலும் வரும் புற்றுநோய் இது. அரிதான நோய்தான், ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் கல்நார். தூசு உள்ளே போய் 20, 30, 40 வருடங்கள் கழித்துத் தலைகாட்டும். இருபது வயதில் கூரை வேலைக்குப் போனவருக்குப் பேரப்பிள்ளைகளைக் கண்ட வயதில் மூச்சு வாங்கும். கல்நார்த் தொழிலாளர்களின் உடுப்பைத் துவைத்துப் போட்ட மனைவிமாருக்கே இந்த நோய் வந்திருக்கிறது.

வெள்ளைக் கல்நார் ஆபத்தில்லை என்று கடையில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். கிரைசோடைல் எனப்படும் வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

சரி, புதுக் கூரைக்கு எதைப் போடுவது? சாதாரணத் தகரம் மலிவு, தூக்கி ஏற்றவும் லேசு. ஆனால் மழைச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியாது, விடியற்காலையில் அடியில் ஈரம் கோர்த்துச் சொட்டும், துருவும் பிடிக்கும். காற்றுக் காலத்தில் கல்லும் டயரும் ஏற்றிவைக்காத தகரக் கூரையைத் தேயிலைத் தோட்டங்களில் காண்பது அபூர்வம். ஓடு வெயிலுக்கும் குளிருக்கும் இதம், சத்தமும் குறைவு. ஆனால் பாரம் அதிகம், அதைத் தாங்கக் கனமான மரச்சட்டம் வேண்டும். லொறி போகாத தோட்டப் பாதை என்றால் ஏற்றுக் கூலியே கையைக் கடிக்கும்.

துத்தநாகமும் அலுமினியமும் பூசிய கலர் தகரம் சாதாரணத் தகரத்தைவிட நீண்ட நாள் உழைக்கும். விலை கூடத்தான். அடியில் வெப்பம் தடுக்கும் படலத்தை விரித்து, திருகாணியை நெருக்கமாக அடித்தால் சத்தம், ஈரம், காற்று என்ற தொல்லைகள் பெருமளவு அடங்கும். கல்நார் கலக்காத நார்ச் சீமெந்துச் சீட்டும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் சீட்டில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். ஏழு பேர்ச் அளவுள்ள சிறு காணியில் புதிதாகக் கட்டும் குடும்பத்துக்கு என் யோசனை, படலம் விரித்த கலர் தகரம்.

இதில் அரசாங்கத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக இலங்கை அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. உலகிலேயே அதிகம் கல்நார் தோண்டும் நாடு ரஷ்யா. சில நாட்களிலேயே கல்நார்க் கட்டுப்பாடு தள்ளிப்போனது, தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. கொழுந்து பறிக்கிறவர்களின் உழைப்பைக் காட்டியே அவர்கள் தலைக்கு மேல் இருக்கும் கல்நாரைக் காப்பாற்றிவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏற்கெனவே சீட் போட்ட வீடுகளின் பாடு வேறு. அவர்களுக்கு நான்கு வழி உண்டு. வெடிப்பில்லாத, உதிராத சீட்டைத் தொடாமல் விடுவது முதல் வழி. பலருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் பணம் சேரும்வரை இதுவே நல்லது. அடுத்தது பூச்சு. மேற்பரப்பு உதிராமல் கொஞ்சக் காலம் பிடித்துவைக்கும். ஆனால் பூச்சுக்கு முன் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பார்கள், அங்கேதான் வினை. தேய்ப்பதாக இருந்தால் பூசாமலே விடலாம். பழைய சீட்டுக்கு மேலேயே தகரம் போர்த்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒவ்வொரு திருகாணிக்கும் சீட்டைத் துளைக்க வேண்டும், பழைய சீட்டில் கால் வைத்தால் உடைந்து ஆள் கீழே விழுவார்.

கடைசி வழி கழற்றுவது. உடைந்து உதிரும் கூரைக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. வழக்கமாக நடப்பது இதுதான்: பாஸ் (கூரை வேலைக்காரர்) மேலே ஏறிச் சுத்தியலால் தட்டுவார், துருப்பிடித்த ஆணியோடு சீட் பிளந்து முற்றத்தில் விழும், மிச்சத்தைக் கிரைண்டரால் அறுப்பார், வெள்ளைத் தூசு இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) காயும் உடுப்பில் படியும், பின்னேரம் அம்மா விளக்குமாற்றால் கூட்டுவார். ஒரே நாளில் வீடு முழுக்கத் தூசு. அதே வேலையைச் சவர்க்கார நீர் தெளித்து நனைத்து, ஆணியை வெட்டி, சீட்டை முழுசாக இறக்கிச் செய்தால் தூசு வெகுவாகக் குறையும். பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். துணி மாஸ்க் இதற்குப் போதாது. பி100 அல்லது எஃப்எஃப்பி3 என்று அச்சிட்டது வேண்டும். கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். இறக்கிய சீட்டைத் தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி ஒட்டுங்கள். கோழிக்கூட்டுக்கு மறைப்பாகவோ, ரோட்டுக் குழிக்கு நிரப்பாகவோ போடக் கூடாது. கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் தேங்கிய மண்ணிலும் நார் இருக்கும், ஈரமாகவே அள்ளுங்கள், பூச்சாடிக்குப் போட வேண்டாம்.

வருடக்கணக்காகக் கூரை வேலை செய்தவர்கள், பஸ் லொறிகளின் கல்நார் கலந்த பழைய பிரேக் லைனரைக் காற்றடித்துத் துடைத்தவர்கள் சிகரெட்டை விட்டுவிட வேண்டும். மீசோதீலியோமாவைச் சிகரெட் கூட்டுவதில்லை, ஆனால் கல்நாரோடு சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பல மடங்கு ஏறும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, காரணமில்லாத மெலிவு, நெஞ்சில் நீர் கோர்ப்பது என்று வந்தால் காசநோயைத்தான் முதலில் நினைப்பார்கள். அந்தச் சோதனையை அவசியம் செய்யுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் தொல்லை தொடர்ந்தால் மார்புச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மீசோதீலியோமாவை எக்ஸ்ரே மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது. சிடி ஸ்கேனும் சதைத் துணுக்குப் பரிசோதனையும் வேண்டும். எந்த வருடத்தில், எவ்வளவு காலம், என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள். முப்பது வருடத்துக்கு முன் செய்த வேலையை அவராகக் கேட்கமாட்டார்.