டிராகனுக்கு எலும்பு கிடைத்தது, கதை கிடைக்கவில்லை

கற்பனை உலகங்களுக்கான விலங்குகளையும் அவற்றைச் சுற்றிய தொன்மங்களையும் உருவாக்கச் சொல்லித்தரும் ஒரு காணொளி வகுப்பை முடித்தேன். முதல் பாதிக்காகத் தாராளமாகச் சேரலாம். இரண்டாம் பாதியை நம்பிச் சேர வேண்டாம்.

தொடக்கம் டிராகன்தான், வேறென்ன! ஆனால் எடுத்தவுடன் சிறகு வரையச் சொல்லாமல், நீளத்தை இரண்டு மடங்காக்கினால் சிறகின் பரப்பு 4 மடங்கும் எடை 8 மடங்கும் ஆகும் என்ற கணக்கைப் போட்டுவிடுகிறார்கள், யானை அளவு டிராகனைப் பறக்கவிடும் ஆசை அங்கேயே காலி. பறந்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான, டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன கெட்சால்கோட்லஸுக்கே சிறகு விரிப்பு சுமார் 10 மீட்டர்தான். அப்புறம் கால் பிரச்சினை. முதுகெலும்புள்ள தரைவிலங்குகளுக்குக் கைகால் மொத்தம் நான்கு, நான்கையும் நடக்கக் கொடுத்துவிட்டால் சிறகுக்கு எங்கே போவது? டிராக்கோ பல்லியைக் காட்டுகிறார்கள்: நீண்ட விலா எலும்புகள் தோலை விரித்துப் பிடிக்கும், காலும் மிச்சம், ஆனால் சறுக்கி இறங்கத்தான் முடியும். நெருப்புக்கு பொம்பார்டியர் வண்டு. ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த திரவத்தை நொதிகள் உள்ள அறைக்குள் தள்ளி, கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸில் பீய்ச்சும்.

பயிற்சிக்கு நான் சிங்க உடலும் தும்பிக்கையும் உள்ள யாளியை எடுத்துக்கொண்டேன். யானைக்குத் தலை கனம், கழுத்து குட்டை, வாய் தரைக்கு எட்டாது, அதனால் தும்பிக்கை இல்லாமல் முடியாது. சிங்கத்துக்கு வாய் எட்டுமே, பிறகு எதற்கு என்று திருத்தியவர் கேட்டார். நல்ல கேள்வி, வரைந்ததில் பாதியை அழிக்க வைத்தது.

தொன்மப் பகுதி வெறும் படிவம். தெய்வம் யார், சாபம் என்ன, வீரன் யார் என்று நிரப்பிக்கொண்டே போக வேண்டியதுதான். அந்த வண்டின் பெரிய உறவுக்காரனிடம் சூடு வாங்கியவன் வீட்டுக்கு வந்து நெருப்பு கக்கியது என்றுதானே சொல்வான், கதை பிறக்கும் இடம் அதுதானே? யார் பார்த்தார்கள், எவ்வளவு தூரத்தில், இருட்டிலா, எந்த எலும்பு கிடைத்தது, ஒன்றையும் கேட்பதில்லை. மத்தியதரைக்கடல் தீவுகளில் கிடைத்த குள்ள யானை மண்டையோடுகளின் நடுவிலுள்ள மூக்குத் துளையைக் கண்குழி என்று நினைத்ததில்தான் கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் அரக்கன் பிறந்திருக்கலாம் என்று 1914-இல் ஆஸ்திரியத் தொல்லுயிரியலாளர் ஓதேனியோ ஆபெல் சொன்னார். நிரூபணமில்லாத ஊகம்தான், ஆனாலும் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? இதை ஒரு துணுக்காகச் சொல்லிக் கடந்துவிட்டார்கள். ஒரே விலங்கைப் பற்றி மீனவனும் மேய்ப்பனும் பூசாரியும் மூன்று விதமாகப் பேசுவார்கள் என்ற நினைப்பே இல்லை.

தரவிறக்கத்துக்குத் தரும் எலும்புக்கூட்டு வரைபடங்கள் அருமை, எல்லாம் ஒரே அளவுகோலில். அவற்றுக்காகச் சேர்பவர்களும் தள்ளுபடி வரும்வரை பொறுக்கலாம்.