யாழ்ப்பாணத்திலிருந்து குற்றத் தரவு தேடுகிறவர்களுக்கு: நீண்டகாலப் பாவனை அனுபவம்

யாழ்ப்பாணத்தில் சமூக ஆய்வு செய்யும் பிள்ளைகள் பலர் இப்போது போதைப்பொருள், வாள்வெட்டு, வீட்டு வன்முறை போன்ற தலைப்புகளை எடுக்கிறார்கள். தலைப்பு சரி. தரவு எங்கே கிடைக்கும் என்று வரும்போது மட்டும் ஒவ்வொருவரும் அடியிலிருந்து தேடத் தொடங்குகிறார்கள். சில வருடங்களாக இந்தத் தரவுகளோடுதான் என் வேலை. எது எதற்கு உதவும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் முதலில் போவது இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்துக்கு. பாரதூரமான குற்றங்களின் ஆண்டு அட்டவணைகள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. கொலை பற்றி ஆராய்பவர்களுக்கு இது நல்ல மூலம். சடலம் இருந்தால் மரண விசாரணையும் இருக்கும், அதை மறைப்பது கடினம். மற்ற வகைகளில் நிதானம் வேண்டும். எங்கள் பத்திரிகைகள் ஓயாமல் எழுதும் வாள்வெட்டுச் சம்பவங்களுக்கு அந்த அட்டவணையில் தனி வரிசை கிடையாது. ஒரு சம்பவம் கொலை முயற்சியில் போயிருக்கலாம், கடுங்காயத்தில் போயிருக்கலாம், கத்தி போன்றவற்றால் காயப்படுத்தியதில் போயிருக்கலாம். முறைப்பாட்டை எழுதிய நிலையம் எந்தச் சட்டப்பிரிவைப் போட்டதோ அதைப் பொறுத்தது. ஒரே வரிசையை மட்டும் எடுத்து 'வாள்வெட்டு குறைந்துவிட்டது' என்று எழுதினால் முடிவு பிழைத்துவிடும். இந்த வரிசைகளைச் சேர்த்தும் தனித்தனியாகவும் பார்த்த பிறகுதான் நான் ஏதாவது சொல்வேன்.

களவுக்கும் ஒரு சிக்கல் உண்டு. குறிப்பிட்ட ரூபாப் பெறுமதிக்கு மேற்பட்ட களவுகள்தான் பாரதூரமான குற்றமாக எண்ணப்படுகின்றன. அந்த எல்லை அப்படியே இருக்க, 2022இல் போல விலைவாசி ஏறினால், முன்பு சிறு குற்றமாக இருந்த அதே களவு பாரதூரமான பட்டியலுக்குள் வந்துவிடும். கூடியது களவா, விலையா என்பதை அட்டவணை சொல்லாது.

அப்புறம் எல்லைகள். பொலிஸ் பிரிவும் நிர்வாக மாவட்டமும் ஒன்றல்ல. யாழ்ப்பாணம் பொலிஸ் பிரிவு என்ற வரிசையை மட்டும் எடுத்தால் குடாநாட்டின் ஒரு பகுதிதான் கையில் வரும், காங்கேசன்துறைப் பிரிவையும் சேர்க்க வேண்டும். பிறகு இலட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிடச் சனத்தொகை வேண்டும். இங்கேதான் வடக்கில் வேலை செய்பவருக்கு உண்மையான கஷ்டம். 1981க்குப் பிறகு நாடு முழுவதும் நடந்த முதல் குடிசன மதிப்பு 2012இல்தான் நடந்தது. 2001இல் யாழ்ப்பாணம் எண்ணப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் எத்தனை குடும்பங்கள் வன்னிக்குப் போயின, கொழும்புக்குப் போயின, கடல் கடந்தன! அந்த வருடங்களுக்குக் குற்ற வீதம் போட்டுக் காட்டும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. 2024 குடிசன மதிப்பு வந்திருப்பது பெரிய ஆறுதல்.

சிறைச்சாலைகள் திணைக்களம் வெளியிடும் வருடாந்தப் புள்ளிவிபரம் எனக்கு மிகவும் பிடித்தது. வயது, கல்வி, குற்ற வகை என்று விரிவாகத் தருவார்கள். விளக்கமறியலில் அனுப்பப்படுபவர்கள் தண்டனை பெற்று உள்ளே போபவர்களைவிடப் பல மடங்கு என்பதும், தண்டனைக் கைதிகளில் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போனவர்கள் என்பதும் அதைப் பார்த்தால் தெரியும். வறுமை பற்றி ஆராய்பவர்கள் கூட இதைத் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: அங்கே எண்ணப்படுவது சிறைக்குள் அனுப்பப்பட்ட தடவைகள், ஆட்கள் அல்ல. ஒரே இளைஞன் ஒரு வருடத்தில் மூன்று தரம் போனால் மூன்று.

போதைப்பொருள் கைதுகளுக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆண்டுக் கைந்நூல் இருக்கிறது. கைது கூடினால் பாவனை கூடியது என்று அர்த்தமில்லை, சுற்றிவளைப்புக் கூடியிருக்கலாம். வீட்டு வன்முறைக்குப் பொலிஸ் எண்ணிக்கையில் தொடங்கவே வேண்டாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் செய்த பெண்களின் நலவாழ்வு பற்றிய ஆய்வில் பெண்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். வாழ்க்கைத் துணை இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடம் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருந்தார். பொலிஸ் நிலையப் படியேறாத பெண்களின் குரல் அதில் இருக்கிறது.

வெளியிடப்படாத விபரத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கோரிக்கை கிடைத்ததற்கான எழுத்து மூல ஒப்புதலைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. 'குற்றம் ஏன் கூடியது' என்று கேட்டால் எதுவும் வராது. எந்தப் பிரிவு, எந்த வகை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று, அவர்களிடம் ஏற்கனவே உள்ள பதிவைக் கேட்க வேண்டும். அட்டவணையை எக்செல் கோப்பாகத் தரும்படியும் எழுதுங்கள். தமிழில் கேட்ட எனக்கு ஒரு அலுவலகம் முழுக்கச் சிங்களத்தில் பதில் அனுப்பியது. தமிழில் தரும்படி மறுபடி எழுதினேன், வந்தது. சலிக்காமல் எழுத வேண்டும், அது எங்கள் உரிமை.

திணைக்களங்களின் செயலாற்றுகை அறிக்கைகள் பாராளுமன்ற இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் இருக்கின்றன. பழைய தமிழ் அறிக்கைகள் சில பாமினி போன்ற எழுத்துருவில் இருப்பதால், பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். எழுத்துரு மாற்றியில் போட்டால் சரியாகிவிடும்.

1990 முதல் 1995 வரை குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. காவல்துறையும் நீதிமன்றங்களும் அவர்களுடையவை. அந்த வருடங்களுக்குக் கொழும்பின் அட்டவணையில் யாழ்ப்பாணத்தைத் தேடிப் பயனில்லை. நான் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் உள்ள பழைய பத்திரிகைகளுக்குப் போகிறேன். எண்ணிக்கை கிடைக்காது. ஆனால் எந்தக் குற்றம் செய்தியானது, ஊர் எதைக் கண்டு பயந்தது, பிணக்குகளை யார் தீர்த்தார்கள் என்பது கிடைக்கும். பட்டப்படிப்பு ஆய்வு ஒன்றுக்கு அதுவே போதும். அந்த வருடங்களுக்குக் குற்ற வீதம் போட்டுவிடாதீர்கள்.