கறந்த பாலா, பாக்கெட் பாலா: "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பது போதுமா?

பால்காரர் ஊற்றும் கறந்த பால், பாக்கெட் பால், டெட்ரா பேக் பால் மூன்றில் என் ஓட்டு பாக்கெட்டுக்குத்தான். ருசியிலும் ஆடையிலும் கறந்த பால் முந்தும். அதில் வாதமே இல்லை.

"எப்படியும் காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்று கறந்த பாலுக்காகச் சொல்வார்கள். பாதி சரி. காசநோய்க் கிருமி, புருசெல்லா, சால்மோனெல்லா எல்லாம் நன்றாகப் பொங்கவிட்டால் செத்துவிடும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் கதை வேறு. மடிநோய் கண்ட காம்பிலிருந்தும், கறப்பவர் கைப் புண்ணிலிருந்தும் அது பாலில் இறங்குகிறது. கறந்த சூடு அது பெருகத் தோதான சூடு. குளிர வைக்காமல் கேனில் மணிக்கணக்கில் கிடந்தால் நஞ்சு சுரக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே நிற்கும். பால் திரியாது, வாடையும் காட்டாது. குடித்த சில மணி நேரத்தில் வாந்தி பிடுங்கும்.

2000-ல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் நடந்தது இதுதான். வடக்கே ஹொக்கைடோ தீவில் ஸ்னோ பிராண்ட் என்ற பால் நிறுவனத்தின் தாய்கி ஆலையில் மார்ச் 31 அன்று மின்சாரம் நின்று, பால் வெதுவெதுப்பில் கிடந்துவிட்டது. அங்கே தயாரான பால் பவுடர் சேர்ந்த கொழுப்புக் குறைந்த பாலைக் குடித்து 13,000 பேருக்கு மேல் படுத்தார்கள். ஆலையின் சூடு எதுவும் அந்த நஞ்சை அழிக்கவில்லை.

ஆகவே பார்க்க வேண்டியது, கறந்ததிலிருந்து குளிரும்வரை அல்லது கொதிக்கும்வரை எத்தனை நேரம் என்பதை. பாக்கெட் பால் சொசைட்டியிலோ குளிரூட்டு நிலையத்திலோ 4 டிகிரிக்கு இறங்கி, ஆலையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாகி, உடனே திரும்பக் குளிர்கிறது. பால்காரரின் கேனுக்கு அந்த வசதி கிடையாது. முந்தின சாயங்காலப் பாலைக் காலைப் பாலோடு கலந்தால் நிலைமை இன்னும் மோசம். வாங்குவதானால் அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கண்ணெதிரே சுத்தமாகக் கறந்து, அரை மணியில் அடுப்பேறும் பாலுக்கு இந்தப் பயம் பெரிதாக இல்லை.

பாக்கெட்டும் பத்தரை மாற்றல்ல. 1985-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பாஸ்டுரைஸ் செய்த, அதாவது இப்படிச் சூடாக்கிக் குளிர்வித்த பாலிலேயே சால்மோனெல்லா புகுந்து 16,000 பேருக்கு மேல் தொற்றியது பரிசோதனையில் உறுதியானது. பச்சைப் பால் குழாயும் சூடாக்கிய பால் குழாயும் ஆலைக்குள் எங்கோ கலந்திருக்கலாம் என்றே கருதப்பட்டது. நம் ஊரில் கடை வாசலில் கிரேட் எத்தனை நேரம் வெயிலில் இருந்தது என்பதும் கவரைப் பார்த்துத் தெரியாது. தொட்டால் சில்லென்று இல்லாவிட்டாலோ, கவர் உப்பியிருந்தாலோ வாங்காதீர்கள். கவரை வெளியே கழுவிவிட்டு வெட்டுங்கள், ஒரு பொங்கு பொங்கவிடுங்கள். பிறகு பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்து ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் பிழைக்கும். காய்ச்சிய பாலை ராத்திரி முழுக்க மேடையில் விட்டால் அவை முளைத்துவிடும்.

டெட்ரா பேக் பால் 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடானது. பிரிக்காதவரை வெளியிலேயே மாதக்கணக்கில் இருக்கும். பயணத்துக்கும் அவசரத்துக்கும் நல்லது. வெட்டிய கணமே அதுவும் சாதாரணப் பால்தான், ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.