ரோல் பிலிம் பேக் வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் ஆழத்தை அளந்து பாருங்க

மதுரையில் பழைய கேமரா வாங்கி விற்கிற ஒருவரிடம் போன மாதம் ரோல் பிலிம் பேக் ஒன்றுக்கு 18,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பெயர் போட விரும்பவில்லை, ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 4×5 கேமரா (4×5 அங்குல ஷீட் பிலிமில், அதாவது ஒரு தாளுக்கு ஒரு படமாக எடுக்கும் பெரிய கேமரா) வைத்திருப்பவர்கள் நம்ம பக்கம் கொஞ்சப் பேர்தான், அவர்களுக்கும் இதே கதி வரக் கூடாது.

ஷீட் பிலிம் விற்கிற விலையில் ஒவ்வொரு தடவை ஷட்டரை அழுத்தும்போதும் நெஞ்சு பதறுகிறது. அதனால் என் 4×5 வியூ கேமராவின் பின்னால், 120 என்கிற சுருள் பிலிமைப் போடும் பெட்டியான ரோல் பிலிம் பேக்கை மாட்டி 6×9 சென்டிமீட்டர் படம் எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு ரோலில் எட்டுப் படம், லென்ஸை ஏற்றி இறக்கிச் சாய்க்கிற வசதியெல்லாம் அப்படியே இருக்கும், வழக்கமாகப் போடுகிற 150 எம்எம் லென்ஸ் இந்தச் சின்ன ஃபிரேமுக்குக் கொஞ்சம் டெலி மாதிரி ஆகி முகம் எடுக்க அருமையாக இருக்கும். என்னுடையது கிராஃப்லாக் வகை, அதாவது ஃபோகஸ் பார்க்கும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பேக்கை வைத்துப் பட்டைகளைத் தள்ளி இறுக்கலாம். (வெறும் ஸ்பிரிங் மட்டும் உள்ள கேமராவில் இது மாட்டாது, ஷீட் பிலிமை வைக்கும் ஹோல்டர் மாதிரி செருகுகிற வகைதான் வேண்டும்.)

பேக்கைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, கேமராவில் உட்காருகிற விளிம்பு முழுக்கப் புதுசாகக் கறுப்பு ஃபெல்ட் ஒட்டியிருந்தது. "சர்வீஸ் பண்ணி வச்சிருக்கேன் தம்பி, ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள போகாது" என்றார். ஒரு நெகட்டிவும் காட்டினார், கோபுரம், நல்ல ஷார்ப். ஒரு வாரத்துக்குள் குறை இருந்தால் பணம் வாபஸ் என்றும் சொன்னார். நம்பிவிட்டேன்.

மறுநாளே கீழக்குயில்குடி போய்ச் சமணர் மலையில் ஒரு ரோல். செட்டிப்புடவுத் தீர்த்தங்கரர் சிற்பம், அடிவாரத்துத் தாமரைக் குளம், ஆலமரம், எல்லாமே லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கி எஃப் 22, எஃப் 32-இல். கழுவிப் பார்த்தால் குறையே இல்லை.

அதற்கடுத்த வாரம்தான் உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போனேன். அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம், கேமரா மூன்று மீட்டர் தள்ளி, லென்ஸை எஃப் 5.6 வரை திறந்து, கறுப்புத் துணிக்குள் லூப் (உருப்பெருக்கி) வைத்துக் கண்ணில் ஃபோகஸ் பண்ணினேன். "அசையாம இரு அம்மாச்சி" என்றதும் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டது, பாவம். எட்டுப் படமும் எடுத்தேன்.

எட்டிலும் முகம் மங்கல். கையில் இருக்கிற சரம் மட்டும் அப்படி ஒரு துல்லியம், வாழைநாரில் பிரிந்து நிற்கிற இழைகூடத் தெரிகிறது. அந்தக் கை முகத்துக்கு ஒரு அடி முன்னால் இருந்தது.

முனிச்சாலையில் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வெர்னியரில் அளந்தோம். 4×5 ஷீட் ஹோல்டரில் பிலிம் உட்காரும் தளம் விளிம்பிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் ஆழம், கிரவுண்ட் கிளாஸும் அந்த ஆழத்துக்கு ஒத்துத்தான் பொருத்தியிருக்கும். இந்தப் பேக்கில் கிட்டத்தட்ட 6. கூடுதலான ஒரு மில்லிமீட்டரும் அந்தப் புது ஃபெல்ட்டின் தடிமன்தான். பிலிம் அவ்வளவு பின்னால் போனால், 150 எம்எம் லென்ஸில் மூன்று மீட்டரில் வைத்த ஃபோகஸ் கேமரா பக்கமாக ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். துளை சின்னதான எஃப் 22-இல் இந்தத் தப்பு மறைந்துபோகும், 5.6-இல்தான் பல்லைக் காட்டும். அவர் காட்டிய கோபுரமும் அப்படித் துளையைச் சுருக்கி எடுத்ததாகத்தான் இருக்கும்.

போய்க் கேட்டேன். "கண்ணாடியில ஃபோகஸ் பண்ணத் தெரியணும் தம்பி, ஒரு வாரமும் முடிஞ்சிருச்சு" என்றார். வெர்னியர் கணக்கைச் சொன்னால் காதிலேயே வாங்கவில்லை. அப்புறம் விசாரித்தால், எனக்கு முன்னால் திண்டுக்கல்காரர் ஒருவர் இதே பேக்கை இதே குறைக்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தெரிந்தேதான் என் தலையில் கட்டியிருக்கிறார், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபெல்ட்டைச் சுரண்டி எடுத்தேன், ஆழம் சரியாகிவிட்டது. ஆனால் விளிம்பின் ஒரு மூலை வளைந்திருப்பது இப்போது தெரிகிறது, அந்த வழியாக வெளிச்சம் கசிகிறது. வளைவை நிமிர்த்தாமல் மேலே ஃபெல்ட்டை ஒட்டி மூடியிருக்கிறார்.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து ஒரு ரோலை வீணாக்கத் தயாராகப் போங்கள். சுவரை விட்டுச் சாய்வாக ஒரு செய்தித்தாளை நிறுத்தி, நடுவில் ஒரு வரிக்குப் பேனாவால் கோடு போட்டு அதில் ஃபோகஸ் வைத்து, லென்ஸை முழுசாகத் திறந்து எடுங்கள். கழுவினால் அந்த வரிதான் ஷார்ப்பாக இருக்க வேண்டும், மேலே கீழே உள்ள வரி இல்லை. எட்டு ஃபிரேமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விழுகிறதா என்பதும் அதே ரோலில் தெரிந்துவிடும். இதற்கு விற்கிறவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேற்று அதே ஆள் இன்னொரு பேக்கை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், விளிம்பு முழுக்கப் புதுக் கறுப்பு ஃபெல்ட்.